ஓட்டிப் பார்க்கும் கண்

ஆரணியிலோ, பக்கத்தில் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களிலோ ஒரு தறி வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது மிதியின் தட்டும் நாடா ஓடும் ஓசையும். கண் இருட்டுக்குப் பழகியதும் தலையைத் தூக்கிப் பாருங்கள். தறிக்கு மேலே ஜக்காட்டுப் பெட்டி இருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள், ஒன்றோடொன்று கயிற்றால் கோர்க்கப்பட்டு, பெரிய மாலைபோலத் தொங்கும்.

நெசவாளர் ஒரு முறை மிதித்தால் ஓர் அட்டை பெட்டியின் ஊசிகளின்மேல் வந்து பொருந்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி மேலே எழும். கொக்கியில் கட்டிய பாவு இழைகளும் எழும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். அந்தக் கொக்கி எழாது. எழுந்த இழைகளுக்கு அடியில் ஜரிகை ஊடை ஓடுகிறது. அடுத்த மிதி, அடுத்த அட்டை. மாலை முழுதும் ஒரு சுற்று வந்தால் துணியில் ஒரு மயில் முழுதாக நின்றிருக்கும்.

அந்த மயிலின் கழுத்தில் ஒரு கோடு பிசகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைதேர்ந்த நெசவாளர் தறியைப் பிரிக்க மாட்டார். முதலில் துணியைப் பார்ப்பார். பிசகு பாவின் போக்கில் நீளமாக ஓடினால் குற்றம் கொக்கியிலோ இழையிலோ. ஒவ்வொரு மயிலிலும் அதே இடத்தில் குறுக்காக ஒரு வரி மட்டும் கெட்டிருந்தால் குற்றம் அந்த வரிக்குரிய அட்டையில். எண்ணிப் போய் அந்த ஒற்றை அட்டையைப் பிடித்துவிடுவார். துணியிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து துணிக்கும் அவர் மனம் போய்வருகிறது. தறி நின்றிருக்கும்போதே மனத்துக்குள் தறி ஓடுகிறது.

அதே வீட்டின் திண்ணையில் அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பின் கணினி அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எதிரே ஒரு வினா: கீழ்க்காணும் நிரலின் வெளியீடு என்ன? அப்பாவுக்கும் மகளுக்கும் முன்னால் இருப்பது ஒரே வகை வேலை. கட்டளைகளின் வரிசை ஒன்று கையில் இருக்கிறது. அது ஓடினால் என்ன வரும் என்று ஓட்டாமலே காண வேண்டும். நிரலாக்கத் திறனுக்கும் சான்றிதழ்த் தேர்வில் கிடைக்கும் வெற்றிக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு இந்த அத்தியாயம் தேடும் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சான்றிதழ் எதை அளக்கிறது?

இன்று தமிழ்நாட்டில் கணினி கற்கும் ஒரு மாணவி பல வாசல்களைக் கடக்கிறாள். 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானும் பாடமாயின. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. ஆரணியை ஒட்டித் தச்சூரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி போன்ற ஒன்றில் சேர்ந்தால் அடுத்த வாசல்கள் திறக்கின்றன. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் படிப்புகள் ஒரு பக்கம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் படிப்புகள் இன்னொரு பக்கம்.

என்பிடெல் கணக்கு எளியது. வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 வாங்கினால் சான்றிதழ். 90 தொட்டால் தங்க முத்திரை. பல பாடங்களில் அந்த 75-இன் பெரும்பகுதி, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப் படிப்பில் நிலைமை வேறு. அங்கே எழுத்து வினாக்களோடு, கண்காணிப்பின் கீழ் கணினியில் நிரல் எழுதி ஓட்டிக் காட்டும் தேர்வும் தனியாக உண்டு.

இந்த வினாத்தாள்களை எல்லாம் பிரித்துப் போட்டால் மூன்று வகை வேலைகள் தெரியும். முதலாவது, நினைவிலிருந்து சொல்வது: ‘பைத்தானில் செயற்கூற்றை வரையறுக்கும் சிறப்புச் சொல் எது?’ இரண்டாவது, கொடுத்த நிரலைப் படித்து என்ன நடக்கும் என்று சொல்வது. மூன்றாவது, வெறுந்தாளிலோ வெறுந்திரையிலோ நிரலை எழுதுவது. முதலாவதை மனப்பாடம் தாங்கிவிடும். மூன்றாவதுதான் நிரலாக்கம் என்று உலகம் நினைக்கிறது. நடுவில் நிற்கும் இரண்டாவதை வகுப்பறையில் ‘டிரை ரன்’ என்பார்கள். நாம் அதை ஓட்டிப் பார்த்தல் என்று சொல்லிக்கொள்வோம்.

முதல் வகை நிறைந்த தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு நிரல் எழுத வராமல் போவது இயல்பு. அந்தத் தேர்வு அதைக் கேட்கவே இல்லை. நிரலில் கை தேர்ந்த ஒருவர் அதே தேர்வில் சறுக்குவதும் இயல்பு. சிறப்புச் சொற்களின் பட்டியலை அவர் மனப்பாடம் செய்திருக்க மாட்டார். ஆகவே திறனுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவு ஒரே அளவில் நிற்பதில்லை. வினாத்தாளில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது இறுகும், தளரும். எல்லா வகைத் தாளிலும் கைகொடுக்கும் திறன் ஒன்று உண்டா?

110-க்கு 23

2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையிலான ஒரு குழு நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களைச் சோதித்தது. முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்தவர்கள் இயல்பாகச் செய்ய வேண்டிய கணக்குகளைக் கொடுத்து நிரல் எழுதச் சொன்னார்கள். சராசரி மதிப்பெண் 110-க்கு 23-ஐக்கூட எட்டவில்லை. இவ்வளவு குறைவை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. மாணவர்களுக்குச் சிக்கலைப் பகுத்து ஆராயத் தெரியவில்லை என்பது முதலில் எழுந்த விளக்கம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் லிஸ்டர் இன்னொன்றைக் கேட்டார்: எழுதுவதற்கு முன்னால், இவர்களுக்குப் படிக்கத் தெரியுமா? 2004-இல் அவரும் கூட்டாளிகளும் ஏழு நாடுகளில் மாணவர்களுக்குச் சின்னஞ்சிறு நிரல்களைக் கொடுத்தார்கள். எழுத வேண்டியது எதுவுமில்லை. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணிசமானவர்கள் அங்கேயே தடுமாறினார்கள். சிக்கல் பகுத்தாய்வில் தொடங்கவில்லை. அதற்கும் ஒரு படி கீழே இருந்தது. 2009-இல் லிஸ்டர் தம் சகாக்களோடு வெளியிட்ட இன்னோர் ஆய்வு அதை உறுதிசெய்தது. நிரலை ஓட்டிப் பார்க்க முடியாதவர்களால் பெரும்பாலும் அதை விளக்கவும் முடியவில்லை. நன்றாக எழுதியவர்கள் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கவும் விளக்கவும் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள்.

அதாவது எழுதும் திறனுக்குச் செல்லும் பாதை ஓட்டிப் பார்க்கும் திறன் வழியாகப் போகிறது. தேர்வுக்கும் நிரலாக்கத்துக்கும் பொதுவான தசை இது. ஒன்றுக்காக இதை வளர்த்தால் மற்றதும் வளரும்.

ஒரு சிறு நிரல்

சொல்வதைவிட ஒன்றை ஓட்டிப் பார்ப்பது நல்லது. காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொகை 0 என்று தொடங்குக.
1 முதல் 4 வரை ஒவ்வொரு எண்ணையும் வரிசையாக எடுக்க.
எண் இரட்டைப்படை என்றால், அதைத் தொகையோடு கூட்டுக.
இல்லையென்றால், தொகையை இரட்டிப்பாக்குக.
முடிவில் தொகை என்ன?

அவசரமாகப் படிப்பவர் 6 என்பார். இரட்டைப்படை எண்களைக் கூட்டும் நிரல் ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் உண்டு. அதன் சாயல் கண்ணில் பட்டதும் 2-ஐயும் 4-ஐயும் மனம் கூட்டிவிடுகிறது. வினாத்தாள் தயாரிப்பவருக்கும் இது தெரியும். நான்கு விடைகளில் 6 கட்டாயம் இருக்கும்.

ஓட்டிப் பார்ப்பவர் அட்டவணை போடுகிறார். எண் 1: ஒற்றை; 0-ஐ இரட்டித்தால் 0. எண் 2: கூட்டு, தொகை 2. எண் 3: இரட்டி, தொகை 4. எண் 4: கூட்டு, தொகை 8. விடை 8.

இப்போது வரிசையை மட்டும் திருப்புங்கள். 4-இல் தொடங்கி 1-இல் முடியுங்கள். 4, 8, 10, 20 என்று ஏறி விடை 20 ஆகிறது. எண்கள் மாறவில்லை, கட்டளைகளும் மாறவில்லை. வரிசை மட்டும் திரும்பியது. அட்டை மாலையைத் தலைகீழாக ஓட்டினால் மயில் தலைகீழாக நிற்கும் என்று தறி வீட்டுப் பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நிரலில் வரிசையே பொருள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டாது.

நிபுணரின் நினைவு

ஓட்டிப் பார்ப்பது ஏன் கடினம்? ஒரே நேரத்தில் பல செய்திகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்: இப்போது எந்த வரி, எண் என்ன, தொகை என்ன, நிபந்தனை உண்மையா. மனித மனத்தின் வேலை மேசை சிறியது. ஒரே சமயத்தில் நான்கைந்து பொருள்களுக்குமேல் அதில் நிற்பதில்லை. அதற்குமேல் ஒன்று வரும்போது முதலாவது விழுந்துவிடும். அட்டவணை போடுவதன் பயன் இதுதான். மேசையில் இடமில்லாததைக் காகிதம் ஏந்திக்கொள்கிறது. தேர்வறையில் ‘மனத்திலேயே செய்துவிடுகிறேன்’ என்பவர் தோற்பது அறிவுக் குறையால் அன்று, இடக் குறையால்.

பழகியவர்களின் மேசை பெரிதாகிவிடுகிறதா? இல்லை. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்கப் பலகையை ஐந்து வினாடி காட்டி மறைத்தார்கள். உண்மையான ஆட்டத்தின் காய்நிலையில் பெரும்பகுதியை வல்லவர் சரியாக அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை பெரும்பாலும் கரைந்துபோனது. 1981-இல் கேத்தரின் மெக்கீத்தனும் சகாக்களும் இதே சோதனையை நிரலர்களிடம் செய்தார்கள். ஒழுங்கான நிரலை நிபுணர்கள் நன்றாக நினைவில் வைத்தார்கள். வரிகளைக் குலைத்துக் கொடுத்தபோது கற்றுக்குட்டிகளைவிடப் பெரிதாக மிஞ்சவில்லை. நிபுணரின் மேசையும் அதே அளவுதான். ஆனால் அவர் பத்து வரிகளை ஒரே பொட்டலமாகக் கட்டி மேசையில் வைக்கிறார்: ‘இது மீப்பெரு எண்ணைத் தேடும் வளையம்’ என்று. புட்டாவைப் பார்த்ததும் நெசவாளர் இழைகளை எண்ணுவதில்லை, பூவாகப் பார்க்கிறார். அந்தப் பொட்டலங்கள் எல்லாம் ஒரு காலத்தில் வரி வரியாக ஓட்டிப் பார்த்துச் சேர்த்தவை.

பொட்டலம் கட்டுவதற்கும் மனப்பாடத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெளிகிறது. மனப்பாடம் செய்தவர் நிரலின் உருவத்தைச் சேமித்தார். ஓர் எழுத்து மாறினாலும் அதே விடையைச் சொல்வார். ஓட்டிப் பார்த்தவர் நிரலின் நடையைச் சேமித்தார். மாறிய எழுத்து அவர் காலில் இடறும்.

பிறவிக் கொடையா?

நிரலாக்கம் சிலருக்குத்தான் வரும் என்ற நம்பிக்கை கல்லூரிகளில் இன்றும் இருக்கிறது. அதற்கு ஓர் அறிவியல் தோற்றமும் கிடைத்திருந்தது. 2006-இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் சயீத் தெஹ்னாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும் ஓர் ஆய்வுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். வகுப்பே தொடங்காத மாணவர்களிடம் இப்படிப்பட்ட வினாக்களைக் கேட்டார்கள்: க-வின் மதிப்பு 10. ச-வின் மதிப்பு 20. பிறகு ‘க = ச’ என்ற கட்டளை ஓடுகிறது. இப்போது க எவ்வளவு, ச எவ்வளவு?

சரியான விடை, இரண்டும் 20. ச-வின் மதிப்பு க-வுக்குப் படியெடுக்கப்படுகிறது. ஆனால் கணக்கு வகுப்பில் சமக்குறி வேறு பொருளில் பழகியது. இரண்டும் இடம் மாறும் என்பவர் உண்டு, கட்டளையே தவறு என்பவரும் உண்டு. ஆய்வாளர்கள் பார்த்தது விடை சரியா என்பதை அல்ல. எல்லா வினாக்களுக்கும் ஒரே விதியைக் கடைப்பிடித்தார்களா என்பதை. அப்படிக் கடைப்பிடித்தவர்கள் தேறுவார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் தேறமாட்டார்கள், மாணவர்கள் இரண்டு இனம் என்று அந்த உரை வாதிட்டது. ஒட்டகத்துக்கு இரண்டு திமில் என்று தலைப்பும் வைத்தார்கள்.

பின்னால் வந்த சோதனைகளில் அந்தக் கூர்மையான பிளவு நிற்கவில்லை. 2014-இல் போர்னாட் தாமே முன்வந்து அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். 2016-இல் எலிசபெத் பட்டிட்சாஸும் சகாக்களும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடங்களின் 778 மதிப்பெண் பரவல்களை ஆராய்ந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திமில் காட்டியவை 5.8 விழுக்காடு மட்டுமே. இரண்டு இனம் இருப்பதாக ஆசிரியர்கள் கண்டது, காண எதிர்பார்த்ததையே.

தறி வீடுகள் நிறைந்த ஊரில் இந்தச் செய்தியை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை முதல் பருவத் தேர்வில் சறுக்கினால் ‘இது நமக்கு வராது’ என்ற தீர்ப்பை வீட்டுக்குள் யாரோ எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் நடுவே பல நேரம் இருப்பது பழக்க நேரம். வீட்டில் கணினி இருந்த பிள்ளை ஐந்தாண்டு முன்னதாகவே தொடங்கியிருக்கும். மதிப்பெண்ணும் திறனும் சேர்ந்து உயர்வதை மட்டும் பார்த்து ஒன்று மற்றொன்றின் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக அந்த முன்தொடக்கம் நிற்கலாம்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு செய்தி. 2020-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷான்டெல் பிராட்டும் குழுவினரும் 36 பேருக்குப் பைத்தான் கற்றுக்கொடுத்து ஒப்பிட்டார்கள். கற்றலின் பலன்களில் காணப்பட்ட வேறுபாட்டில் புதுமொழி கற்கும் ஆற்றல் சுமார் 17 விழுக்காட்டை விளக்கியது. எண்ணறிவு விளக்கியது 2 விழுக்காட்டை மட்டும். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கணக்கில் 100 வாங்காதவர் நிரலாக்கம் பக்கம் வரக்கூடாது என்ற பயத்தைத் தளர்த்த அது போதும்.

தேர்வைக் கருவியாக்குவது

தேர்வுக்குப் படிப்பதையே பலர் இழிவாகப் பேசுகிறார்கள். தேர்வு சரியாகப் பயன்பட்டால் அது கற்பிக்கவும் செய்யும். 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஒரு பகுதியை ஒரு குழுவுக்கு நான்கு முறை படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது படித்த குழு 83 விழுக்காடு, எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்த குழு 40-க்கு விழுந்தது. எழுதிய குழு 61-இல் நின்றது. மறுபடி மறுபடி படிப்பது தெரிந்துவிட்டது போன்ற நிறைவைத் தருகிறது. எழுதிப் பார்ப்பது தெரியாததைக் காட்டிக்கொடுத்து அதை ஆழப் பதிக்கிறது.

ஆகவே பழைய வினாத்தாளை இரண்டு விதமாகக் கையாளலாம். விடையைப் பார்த்து நெட்டுருப் போடலாம். அல்லது விடையை மூடிவைத்து அட்டவணை போட்டு ஓட்டிப் பார்த்து, பிறகு ஓர் எண்ணையோ ஒரு நிபந்தனையையோ மாற்றி மீண்டும் ஓட்டலாம். கடைசியில் ‘இந்த நிரல் என்ன செய்கிறது?’ என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதலாம். ஓட்டுவது, மாற்றுவது, விளக்குவது: இந்த மூன்றும் கூடிய பிறகு எழுதக் கை தானாக நீளும். இதற்குக் கணினி வேண்டாம். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் செய்யலாம்.

கணினி இல்லாமல் நிரல் கற்பது ஏழைக்குச் சொல்லும் ஆறுதல் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் துறை அப்படித்தான் பிறந்தது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரப் பட்டுத் தறிக்காக ஜோசப் மரி ஜக்கார் உருவாக்கிய அட்டைப் பொறியின் பெயர்தான் நம் ஊர் வாயில் ஜக்காட்டு ஆனது. அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட ‘பகுப்புப் பொறி’ என்ற கணக்கிடும் பொறிக்கு அட்டைகளை அமைத்தார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்காரின் உருவப்படம் ஒன்றை அவர் தம் வீட்டில் வைத்திருந்தார். பகுப்புப் பொறி முழுதாகக் கட்டப்படவே இல்லை. இருந்தும் 1843-இல் அடா லவ்லேஸ் அதற்கான ஒரு நிரலை வெளியிட்டார். அது ஓர் அட்டவணை. ஒவ்வொரு படியிலும் எந்தச் செயல், எந்த மாறியில் எந்த மதிப்பு என்று கட்டம் கட்டமாக எழுதியது. உலகின் முதல் நிரல்களில் ஒன்றாக இன்று போற்றப்படுவது, இல்லாத பொறியைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்த தாள்.

அந்த அட்டவணையின் நான்காம் படியில் ஒரு பிழை உண்டு. வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. அதைப் படிப்படியாக ஓட்டிப் பார்ப்பவர் இன்றும் நான்காம் படியில் இடறி நிற்பார். மயிலின் கழுத்தில் பிசகிய ஒரு வரியைப் பார்த்துவிட்டு, மேலே தொங்கும் மாலையில் ஒற்றை அட்டையை எண்ணிப் பிடிக்கும் நெசவாளரைப் போல.